சண்டை ஓயாத ஊரில் மழலையர் பள்ளி நடத்துவது எப்படி?

எங்கள் பள்ளியை நாங்கள் இரண்டு முறை திறந்தோம். முதல் முறை ஆர்வம் மட்டுமே இருந்தது, கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. பத்தாவது வாரத்தில் வீட்டின் உரிமையாளர் ஊர் திரும்பி இடத்தைக் கேட்டார். ஆசிரியைகளுக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. மறுநாள் காலையில் முப்பத்தெட்டுக் குழந்தைகள் பூட்டிய கதவின் முன்னால் வந்து நின்றார்கள். வீட்டில் எல்லாமே குலைந்துபோயிருக்கும் ஒரு குழந்தைக்கு, தினமும் அதே நேரத்தில் திறக்கும் ஒரு கதவு எவ்வளவு பெரியது என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. எட்டு மாதம் கழித்து மறுபடி திறந்தோம். இப்போதும் நடக்கிறது.

உங்கள் ஊரில் இப்படி ஒரு பள்ளியைத் தொடங்க நினைக்கிறீர்கள் என்றால், அந்தப் பூட்டிய கதவு உங்கள் குழந்தைகளுக்கு நேரக் கூடாது. அதற்காகவே இதை எழுதுகிறேன். ஒவ்வொரு முடிவின்போதும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதை ஆறாவது மாதத்திலும் நம்மால் செய்ய முடியுமா? முடியாது என்றால் முதல் நாளே வேண்டாம்.

1. திறப்பதற்கு முன் ஆறு வாரம் ஒதுக்குங்கள்

முதல் இரண்டு வாரம் வீடு வீடாகப் போங்கள். மூன்று வயது நிறைந்த, தொடக்கப்பள்ளிக்குப் போகும் வயது வராத குழந்தைகள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். வேறு ஊரிலிருந்து இடம்பெயர்ந்து உறவினர் வீட்டில் ஒண்டியிருக்கும் குடும்பங்களை விட்டுவிடாதீர்கள். அவர்கள் தாமாக வந்து கேட்க மாட்டார்கள். எல்லா வீட்டிலும் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி, தாயோ பாட்டியோ எத்தனை மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறார்கள் என்பது. நாங்கள் முதல் முறை ஒன்பது மணிக்குத் திறந்தோம். ஆறு மணிக்கே வயலுக்குப் போய்விடும் பெண்களுக்கு அந்தப் பள்ளியால் ஒரு பயனும் இல்லை. மூன்று வயதுக் குழந்தையை ஏழு வயது அக்காள் அழைத்து வந்தாள். அதனால் அந்த அக்காளின் படிப்பு நின்றது.

மூன்றாவது வாரம் ஐந்து பேர் கொண்ட குழுவை அமையுங்கள். குறைந்தது இரண்டு பேர் தாய்மார்களாக இருக்கட்டும். இடம்பெயர்ந்து வந்தவர்களிலிருந்து ஒருவர், கணக்கு எழுதத் தெரிந்தவர் ஒருவர், பள்ளிக்கு மிக அருகில் குடியிருப்பவர் ஒருவர். ஆயுதம் ஏந்திய எந்தத் தரப்போடும் வெளிப்படையாகப் பழகுபவர், எவ்வளவு நல்லவராக இருந்தாலும், குழுவில் வேண்டாம். அவர் பெயரே பள்ளிக்கு ஒரு நிறத்தைப் பூசிவிடும்.

நான்காவது, ஐந்தாவது வாரங்கள் காகித வேலைக்கு. ஆறாவது வாரம் இடத்தைச் சுத்தம் செய்யவும், பெரியவர்கள் மட்டும் ஒத்திகை பார்க்கவும்.

திறக்கும் நாளில் இருபது குழந்தைகள் போதும். ஐம்பது பேரைச் சேர்க்கச் சொல்லி எல்லாப் பக்கத்திலிருந்தும் நெருக்கடி வரும். இரண்டு வாரத்துக்கு ஐந்து பேர் என்று கூட்டிக்கொண்டு போங்கள். காத்திருப்போர் பட்டியலைச் சுவரில் ஒட்டாதீர்கள், உங்கள் கையில் வைத்திருங்கள்.

2. இடம்

காலியாகக் கிடக்கும் அரசுக் கட்டடம் இலவசமாகக் கிடைக்கிறது என்றால் உடனே ஏற்றுக்கொள்ளாதீர்கள். படைமுகாம், சோதனைச் சாவடி, தொலைத்தொடர்புக் கோபுரம், எரிபொருள் கிடங்கு, பாலம் ஆகியவற்றின் அருகில் பள்ளி கூடாது. முன்பு ஆயுதமேந்தியவர்கள் தங்கியிருந்த கட்டடம் என்றால், கண்ணிவெடி அகற்றும் பயிற்சி பெற்றவர்கள் பார்த்துப் பாதுகாப்பானது என்று சொல்லும்வரை முற்றத்தைப் பெருக்கக்கூடப் போகக் கூடாது. எங்கள் குழுவில் ஒருவர் ஆர்வத்தில் மண்வெட்டியோடு கிளம்பினார். கையைப் பிடித்து நிறுத்தினோம்.

நல்ல இடத்துக்கு இரண்டு வாசல்கள் இருக்கும். வெளியிலிருந்து எண்ணினால் இரண்டு சுவர்களுக்கு உள்ளே, ஜன்னல் இல்லாத ஓர் உள்ளறை அல்லது நடை இருக்கும். முதல் சுவர் அடியைத் தாங்கும், இரண்டாவது சிதறல்களைத் தடுக்கும். வெடிப்பின்போது பலரைக் காயப்படுத்துவது கண்ணாடி. கண்ணாடியில் ஒட்டும் பசைநாடா அது உடைவதைத் தடுக்காது. முடிந்தால் கண்ணாடிகளைக் கழற்றிவிட்டு மரக்கதவோ கெட்டியான பிளாஸ்டிக் விரிப்போ போடுங்கள். குழந்தைகள் உறங்கும் பாயை ஜன்னலடியில் விரிக்கவே விரிக்காதீர்கள்.

உரிமையாளரிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, பழுது யார் பொறுப்பு, திரும்பக் கேட்பதானால் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று அதில் எழுதியிருக்க வேண்டும். நாங்கள் அறுபது நாள் என்று எழுதினோம். உரிமையாளர் ஊரில் இல்லையென்றால் அவருடைய நெருங்கிய உறவினரின் கையெழுத்தோடு இரண்டு சாட்சிகள் வேண்டும். எங்கள் முதல் பள்ளியை மூடியது குண்டு இல்லை, இந்தக் கடிதம் இல்லாத குறைதான்.

பள்ளிகளை ஆயுதத் தரப்புகள் பயன்படுத்தாமல் காப்பதற்கென்று 2015 மே மாதம் ஆஸ்லோவில் பாதுகாப்பான பள்ளிகள் பிரகடனம் வெளியானது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் அதை ஏற்றிருக்கின்றன. உங்கள் நாடு அதில் இருக்கிறதா என்று விசாரித்து வையுங்கள். ஓர் அதிகாரி உங்கள் கட்டடத்தை இரவுத் தங்கலுக்குக் கேட்கும்போது, "நம் நாடே கையெழுத்திட்ட உறுதிமொழி இது" என்று பணிவாகச் சொல்ல ஒரு தாள் கையில் இருக்கும். அந்தத் தாள் எல்லோரையும் தடுத்துவிடாது. ஆனாலும் சட்டம் தெரிந்தவரோடு பேசுகிறோம் என்று எதிரில் இருப்பவர் உணர்வது ஓரளவு உதவுகிறது.

3. காகிதங்கள்: வாங்க வேண்டியவையும் எழுதக் கூடாதவையும்

முதலில் ஊர்ப் பெரியவர்கள் அல்லது ஊராட்சி கொடுக்கும் சம்மதக் கடிதம். அடுத்தது கல்வி அலுவலகத்திலோ குழந்தை நல அலுவலகத்திலோ பதிவு. விண்ணப்பம் கொடுக்கும்போதே இரண்டு பிரதிகள் கொண்டு போங்கள். உங்கள் பிரதியில் "பெற்றுக்கொள்ளப்பட்டது" என்ற முத்திரையும் தேதியும் விழாமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள். எங்கள் விண்ணப்பம் ஒருமுறை காணாமல் போனது. முத்திரையிட்ட பிரதி இருந்ததால்தான் வரிசையின் கடைசிக்குப் போகாமல் தப்பித்தோம். பதிவு கைக்கு வரப் பதினொரு வாரம் ஆயிற்று. அதுவரை முத்திரைப் பிரதியை வைத்து நடத்தலாமா என்பதை அதே அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள்.

நிர்வாகம் கைமாறக்கூடிய ஊர் என்றால் கடிதத்தின் சொற்களில் மிகுந்த கவனம் வேண்டும். குழந்தைகளின் வயது, பள்ளி நேரம், இடம் ஆகிய மூன்றும் போதும். "விடுவிக்கப்பட்ட", "எதிரி", "தியாகம்" போன்ற ஒரு சொல்கூட வேண்டாம். இன்று உங்களைக் காக்கும் சொல் நாளை உங்களைக் குற்றவாளி ஆக்கக்கூடும்.

குழந்தைக்கு ஒரு பக்கப் படிவம். பெயர், வீட்டில் கூப்பிடும் பெயர், வயது, யார் அழைத்து வருவார், யாரெல்லாம் அழைத்துச் செல்லலாம், உடல்நலக் குறை, ஒவ்வாமை, தடுப்பூசி. பிறப்புச் சான்றிதழ் இல்லாத குழந்தையைத் திருப்பி அனுப்பாதீர்கள். பிறந்தவுடன் பதிவு செய்யப்படுவது குழந்தையின் உரிமை என்று 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 7ஆம் பிரிவு சொல்கிறது. அந்த உரிமை கிடைக்காமல் போனது குழந்தையின் தவறு இல்லை. தடுப்பூசி அட்டையை வைத்து வயதை எழுதிக்கொண்டு, தாமதப் பதிவுக்கு விண்ணப்பிக்கக் குடும்பத்துக்கு உதவுங்கள். மாதத்துக்கு ஒருநாள் அதற்கென்றே ஒதுக்கி, எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரே பயணமாக ஒருவர் போய் வந்தால் பயணச் செலவு மிச்சம்.

இனி, எழுதக் கூடாதவை. இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். மதம், இனம், சாதி, கட்சி, தந்தை எங்கே இருக்கிறார், என்ன வேலை செய்கிறார் ஆகியவற்றுக்கு உங்கள் பதிவேட்டில் இடமே இருக்கக் கூடாது. எங்கள் முதல் பதிவேட்டில் "தந்தையின் தொழில்" என்று ஒரு கட்டம் இருந்தது. எல்லாப் பள்ளிப் பதிவேட்டிலும் இருப்பதுதானே என்று யோசிக்காமல் போட்டுவிட்டோம். ஒருநாள் முன்பின் தெரியாத இருவர் வந்து அந்தப் பதிவேட்டைக் கேட்டார்கள். பொறுப்பாளர் ஊரில் இல்லை என்று சொல்லி அனுப்பினோம். அன்றிரவே அந்தத் தாள்களை எரித்துவிட்டு, எல்லாப் பெயர்களையும் புதிதாக எழுதினோம். ஊரில் எந்த வீட்டில் ஆண் இல்லை, ஏன் இல்லை என்பதைச் சொல்லும் பட்டியல் ஆபத்தானது. அது நம் கையெழுத்தில் இருக்கவே கூடாது.

வருகை, பணம், பொருள் இருப்பு, பார்வையாளர், விபத்து என்று ஐந்து ஏடுகள் போதும். பணக் கணக்கும் உரிமையாளர் கடிதமும் பதிவுத் தாள்களும் நகலெடுக்கப்பட்டு, தண்ணீர் புகாத உறையில், வேறோர் ஊரில் நம்பகமான வீட்டில் இருக்கட்டும்.

4. ஆசிரியைகள்

எந்த நேரத்திலும் குழந்தைகளோடு இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். ஒருவர் காயப்பட்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினாலும் மற்றவர்களோடு ஒருவர் இருப்பார். ஒரு பெரியவருக்குப் பத்துக் குழந்தைகள், அதிகம் போனால் பன்னிரண்டு. உள்ளறைக்கு ஓட வேண்டிய நாளில்தான் இந்த எண்ணின் அருமை தெரியும்.

பட்டத்தை விடப் பொறுமையைப் பாருங்கள். ஒரு மாதம் பயிற்சிக் காலம் வையுங்கள். வேலைக்கு எடுக்கும் முன் அவரை அறிந்த மூன்று குடும்பங்களிடம் தனித்தனியாக விசாரியுங்கள். அடிப்பதில்லை, திட்டுவதில்லை, கதவை மூடிக்கொண்டு ஒரு குழந்தையோடு தனியாக இருப்பதில்லை, படம் எடுத்துப் பகிர்வதில்லை என்ற நான்கு விதிகளில் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். உங்கள் சொந்தத் தங்கையாக இருந்தாலும் சரி.

புதியவர்கள் அதிகம் தவறுவது ஊதியத்தில்தான். "ஊருக்காகச் செய்கிறோம், சம்பளம் எதற்கு" என்று தொடங்குவார்கள். இந்த உற்சாகம் மூன்று மாதம் தாங்கும். அதற்குப்பின் கூலி வேலை கிடைக்கும் நாட்களில் ஆசிரியை வர மாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது, அவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். சிறிய தொகையாக இருந்தாலும் மாதத்தில் ஒரே தேதியில் கொடுங்கள். மற்ற எல்லாச் செலவுக்கும் முன்னால் அது. இரண்டு ஆசிரியைகள் வேலை செய்யும்போதே மூன்றாவது ஒருவரைப் பழக்கி வையுங்கள். இந்தச் சூழலில் யாரும் எந்த வாரமும் ஊரை விட்டுப் போக நேரிடும்.

வாரம் ஒரு மாலை ஆசிரியைகள் மட்டும் உட்கார்ந்து பேசட்டும். அவர்களும் யாரையாவது இழந்தவர்கள்தான். அழுகிற குழந்தையைக் காலையெல்லாம் மடியில் வைத்திருப்பவர், தான் அழுவதற்கும் ஓர் இடம் வேண்டும்.

5. பணம்

செலவில் பாதிக்கு மேல் சம்பளம். அடுத்தது சிற்றுணவும் விறகும். அதற்கடுத்து சோப்பு, தண்ணீர், பழுது, பயணம், காகிதம். விளையாட்டுப் பொருளுக்குப் பெரும்பாலும் பணமே தேவையில்லை. ஆனால் புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் பணத்தை வண்ணச் சுவருக்கும் ஊஞ்சலுக்கும் செலவழித்துவிடுகிறார்கள். மூன்று மாதச் சம்பளம் கையிருப்பில் சேரும்வரை திறக்காதீர்கள்.

விலைவாசி வாரத்துக்கு வாரம் ஏறும் இடத்தில் பணமாகச் சேமிப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது போல. நன்கொடை வந்த வாரமே கெடாத பொருட்களாக மாற்றுங்கள்: சோப்பு, தானியம், சுண்ணக்கட்டி, தாள். சம்பளத்தைக்கூட "இத்தனை கிலோ தானியத்தின் இன்றைய விலை" என்று நாங்கள் எழுதிக்கொண்டோம். நாணயம் சரிந்தபோது ஆசிரியைகளின் கூலி அதோடு சேர்ந்து சரியவில்லை. குழுவுக்குக் கணக்குப் போடுவது கொஞ்சம் கடினமாயிற்று, அவ்வளவுதான்.

கட்டணம் வாங்கலாமா? வாங்கலாம், ஆனால் மூன்று படிகளாக. முடிந்தவர்கள் பணமாக, முடியாதவர்கள் விறகாக, தானியமாக, கூரை வேயும் ஒருநாள் உழைப்பாக, எதுவுமே முடியாதவர்கள் எதுவும் இல்லாமல். யார் எந்தப் படியில் என்பது கணக்காளருக்கு மட்டும் தெரியட்டும். கட்டணம் தராததற்காக ஒரு குழந்தையை ஒருநாள்கூட வெளியே நிறுத்தாதீர்கள்.

பணப்பெட்டிக்கு இரண்டு பூட்டு, இரண்டு பேரிடம் சாவி. ஒரு வாரச் செலவுக்கு மேல் பள்ளியில் வைக்க வேண்டாம். ரசீது தராத வியாபாரியிடம் வாங்கினால் நீங்களே ஒரு சீட்டு எழுதி அவருடைய கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள். நன்கொடையாளர்கள் ஒரு வருடம் கழித்து வந்து கேட்பார்கள். நினைவை நம்பாதீர்கள்.

6. தண்ணீர், கழிப்பிடம், சிற்றுணவு

பேரிடர்க் கால உதவிக்கான ஸ்பியர் கையேடு பள்ளிகளுக்கு ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் தண்ணீர் என்று சொல்கிறது, குடிக்கவும் கை கழுவவும். முப்பது குழந்தைகளுக்கு 90 லிட்டர். அதை யார் சுமப்பது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். எங்கள் ஊரில் அது சொல்லாமலேயே ஆசிரியைகளின் தலையில் விழுந்தது. பிறகு குடும்பங்களுக்கு முறை வைத்தோம். குடிநீர் நன்றாகக் கொதிக்க ஆரம்பித்த பிறகு ஒரு நிமிடம் கொதிக்கட்டும். விறகு இல்லாத நாட்களில், தெளிந்த நீரை நிறமற்ற பிளாஸ்டிக் பாட்டில்களில் ஊற்றி நல்ல வெயிலில் ஆறு மணி நேரம் வைக்கலாம். மேகமூட்டமாக இருந்தால் இரண்டு நாள். கலங்கிய நீருக்கு இந்த முறை உதவாது.

அதே கையேடு 30 சிறுமிகளுக்கு ஒரு கழிப்பிடம், 60 சிறுவர்களுக்கு ஒன்று என்கிறது. குழியை நீர்நிலையிலிருந்து 30 மீட்டராவது தள்ளித் தோண்டுங்கள். குழந்தைகளுக்கான துளை சிறியதாக இருக்க வேண்டும். உள்ளே விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் நாலு வயதுக் குழந்தை காலை முழுவதும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சிற்றுணவைத் தொடங்கினால் நிறுத்தக் கூடாது. சில குழந்தைகளுக்கு அன்றைய முதல் சாப்பாடே அதுதான். வாரம் இரண்டு நாள்தான் தர முடியும் என்றால், எந்த இரண்டு நாள் என்று சொல்லிவிட்டு அந்த நாட்களில் தவறாமல் கொடுங்கள். மாதம் ஒருமுறை சுகாதாரப் பணியாளர் வந்து மேல்கைச் சுற்றளவை அளக்கட்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அது 125 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும். 115க்குக் கீழே என்றால் அன்றே சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கிடைக்காவிட்டால், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும். அளவைச் சுவரில் எழுதி வையுங்கள். உப்பு கூடிவிட்டால் ஆபத்து.

7. ஒரு நாளின் வரிசை

மூன்று மணி நேரம் போதும். வரவேற்பு, விருப்ப விளையாட்டு, வட்டமாக உட்கார்ந்து பாட்டு, கை கழுவுதல், சிற்றுணவு, வெளி விளையாட்டு, கதை, விடைபெறும் பாட்டு. வரிசை மாறவே கூடாது. நேரம் முன்பின் ஆகலாம். எங்கள் பள்ளியில் ஒரு சிறுவன் பல வாரம் எதுவும் பேசவில்லை. ஒருநாள் ஆசிரியை மறந்துபோய்ப் பாட்டுக்கு முன்பே கை கழுவக் கூப்பிட்டார். "இப்போது பாட்டு" என்றான் அவன். நாங்கள் கேட்ட அவனுடைய முதல் சொற்கள் அவை.

பொருட்களுக்குக் களிமண், துணி, கயிறு, மணல், உடைந்த பெட்டிகள். மாவு பிசைந்து பொம்மை செய்யச் சொல்லும் யோசனைகள் எங்கும் கிடைக்கும். பசித்த ஊரில் அதைச் செய்யாதீர்கள், களிமண் அதைவிட நல்லது. வாயில் போட்டு விழுங்கக்கூடிய சிறிய எதையும் சின்னக் குழந்தைகளிடம் விடாதீர்கள். எழுத்துப் பயிற்சியை அவசரப்படுத்த வேண்டாம். பெற்றோர் அதைத்தான் கேட்பார்கள். அவர்களை ஒரு காலை முழுவதும் உட்காரவைத்து, குழந்தை கல்லை எண்ணி அடுக்குவதையும் கதையைத் திருப்பிச் சொல்வதையும் பார்க்கச் செய்யுங்கள்.

8. பயந்துபோன குழந்தை

படுக்கை நனைப்பது, விரல் சூப்புவது, தாயின் சேலையை விடாமல் பிடித்துக்கொள்வது, துப்பாக்கி விளையாட்டு விளையாடுவது எல்லாம் இந்த வயதில் எதிர்பார்க்கக்கூடியவை. தண்டிக்காதீர்கள், வெட்கப்படுத்தாதீர்கள். "நடந்ததை வரைந்து காட்டு" என்று கேட்காதீர்கள். அவர்களாக வரைந்தால் பக்கத்தில் உட்காருங்கள். "அப்பா வந்துவிடுவார்" என்று சொல்லாதீர்கள், அது உங்களுக்குத் தெரியாது. "நான் இங்கே இருக்கிறேன், பாட்டி பன்னிரண்டு மணிக்கு வருவார்" என்று, உங்களுக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள்.

ஒரு மாதம் கடந்தும் சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் சேராமல் இருக்கும் குழந்தைக்கு மருத்துவ உதவி வேண்டும். அருகில் யார் இருக்கிறார்கள் என்பதைத் திறப்பதற்கு முன்பே விசாரித்து எழுதி வையுங்கள்.

9. சத்தம் கேட்டால்

ஒத்திகையை மாதம் இரண்டு முறை நடத்துங்கள், விளையாட்டாக. ஒரு நீளக் கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சு. குழந்தைக்கு ஒரு முடிச்சு. முன்னால் ஓர் ஆசிரியை, பின்னால் ஓர் ஆசிரியை. பாட்டுப் பாடிக்கொண்டே உள்ளறைக்குப் போக வேண்டும். "ஆபத்து" என்று கத்துவதை விட அந்தப் பாட்டு வேகமாக வேலை செய்கிறது. வெளியில் மாட்டிக்கொண்டால் குப்புறப் படுத்து, காதுகளைப் பொத்தி, வாயைச் சற்றே திறந்துவைக்கப் பழக்குங்கள். உள்ளறையில் தண்ணீர், விளக்கு, முதலுதவிப் பெட்டி, மாற்றுத் துணி, ஒரு வாளி, குழந்தைகளின் பெயர்ப்பட்டியல் எப்போதும் இருக்க வேண்டும்.

தெரியாத பொருளைக் கண்டால் மூன்று வாக்கியங்கள்: கிட்டே போகாதே, தொடாதே, பெரியவரிடம் சொல். இதைத் தினமும் பாட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து உலோகத் துண்டு எதையும் பள்ளிக்குக் கொண்டு வந்தவர்களைப் பாராட்டாதீர்கள், அழகாகப் பளபளத்தாலும். பாராட்டினால் மறுநாள் இன்னொரு குழந்தை தேடிப்போகும்.

10. மூடும் முடிவும் வீட்டுக்கு அனுப்புவதும்

இன்று திறப்பதா இல்லையா என்பதை யார், எத்தனை மணிக்கு முடிவு செய்வது என்று எழுதி வையுங்கள். எங்களிடம் இரண்டு பேர், காலை ஐந்தரை. இருவரில் ஒருவர் வேண்டாம் என்றாலும் திறப்பதில்லை, அவரிடம் காரணம் கேட்டு வாதாடுவதும் இல்லை. செய்தியைத் தொலைபேசியை நம்பி அனுப்பாதீர்கள். வாசலில் வண்ணத்துணி கட்டும் யோசனையும் எங்களுக்கு வந்தது. யாரோ அதை வேறு யாருக்கோ காட்டும் சைகையாக எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு தாய் எச்சரித்தார், கைவிட்டோம். ஒவ்வொரு வீடும் அடுத்த வீட்டுக்குச் சொல்லும் சங்கிலியே போதும். இருபது நிமிடத்தில் ஊர் முழுதும் தெரிந்துவிடும்.

சத்தம் கேட்டதும் பெற்றோர் ஓடிவந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடுவார்கள். அது மிக ஆபத்தானது. "அமைதியாகும்வரை குழந்தைகள் எங்களோடு உள்ளறையில் இருப்பார்கள், நீங்கள் வர வேண்டாம்" என்று சேர்க்கும் நாளிலேயே சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். படிவத்தில் பெயர் இல்லாதவரிடம் குழந்தையை ஒப்படைக்கவே கூடாது, சித்தப்பா என்றாலும், குழந்தையே கையைப் பிடித்துக்கொண்டு நின்றாலும்.

11. உதவி நிறுவனங்கள்

விண்ணப்பித்து முதல் பணம் வர நான்கைந்து மாதம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பணமாகக் கேட்பதை விடப் பொருளாகக் கேட்டால் சில சமயம் விரைவில் கிடைக்கும். யுனிசெஃப் அமைப்பிடம் சிறு குழந்தைகளுக்கென்றே சுமார் 50 பேருக்கான விளையாட்டுப் பொருட்பெட்டி உண்டு. பெரிய பெயர்ப்பலகை வைக்கச் சொன்னால், அது பள்ளியை அடையாளம் காட்டிவிடும் என்று விளக்குங்கள். குழந்தைகளின் முகமும் ஊரின் பெயரும் ஒரே படத்தில் வரக் கூடாது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். ஆயுதமேந்திய தரப்பு கொடுக்கும் பணத்தை, எவ்வளவு நெருக்கடி என்றாலும், நாங்கள் தொடவில்லை. மறுப்பது எளிதாக இல்லை. எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரே போய், "இவர்கள் யாரிடமும் வாங்குவதில்லை" என்று சொல்லி வந்தார். யாரிடமும் வாங்காததால்தான் அதை அவரால் சொல்ல முடிந்தது.

திட்டம் முடியும் தேதியைக் கையெழுத்திடும் நாளிலேயே நாட்காட்டியில் குறியுங்கள். அதற்கு ஆறு மாதம் முன்பு அடுத்த விண்ணப்பம் கிளம்பியிருக்க வேண்டும். அந்த இடைவெளிக்குத்தான் மூன்று மாதக் கையிருப்பு.

12. நீங்கள் இல்லாத நாளுக்கு

ஒரு தடித்த நோட்டு வாங்கி அதில் எழுதத் தொடங்குங்கள். எந்தத் தேதியில் யாருக்குச் சம்பளம், தண்ணீர் முறை யாருடையது, எந்த அலுவலகத்தில் எந்த மேசையில் கேட்க வேண்டும், எந்தக் குழந்தைக்கு எது ஒவ்வாது, அந்தச் சிறுவனை எப்போது பேச வற்புறுத்தக் கூடாது. ஞாயிறுதோறும் கால் மணி நேரம் போதும். மூன்றாவது ஆசிரியை அதை மாதம் ஒருமுறை உரக்கப் படிக்கட்டும். புரியாத இடத்தை அவர் கேட்கக் கேட்கத் திருத்துங்கள். எனக்கு அம்மைக்காய்ச்சல் வந்து மூன்று வாரம் படுத்தபோது பள்ளி ஒருநாளும் மூடவில்லை. நோட்டும் இரண்டாவது சாவியும் பக்கத்து வீட்டில் இருந்தன. உங்களுடையதையும் இந்த வாரமே அங்கே கொடுத்துவிடுங்கள்.